பழசு யாரிடமிருந்து யாருக்கு?

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேரும் காசு போட்டு அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினோம். ஒமேகா சீமாஸ்டர், 300 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் வகை. புதியதல்ல, இன்னொருவர் கட்டிக் கழற்றியது. விலை 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். விஷயம் தெரிந்ததும் தோழர்கள் சிலர் கேட்டார்கள்: "இந்தக் காசுல எத்தனை பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டியிருக்கலாம்?" கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் பழசைப் பற்றிப் பேசுவோம். எங்கள் தெருவுக்குப் பழசு புதிதல்ல. ஊர்த்தெருவில் கிழிந்த சட்டை, நசுங்கிய பாத்திரம், விசேஷ வீட்டில் மீந்த சோறு எல்லாம் சேரிக்குத்தான் வரும். அப்பா பள்ளிக்கூடம் போனதே பண்ணை வீட்டுப் பையன் போட்டுக் கழித்த சட்டையில். ஊரிலிருந்து சேரிக்குத் துணி வந்தது. சேரியிலிருந்து ஒரு துண்டுகூட ஊருக்குப் போனதில்லை. நாம் வாய் வைத்த டம்ளரையே தனியாக வைத்தவர்கள் நாம் உடுத்தியதையா உடுத்துவார்கள்?

கடிகாரச் சந்தையின் கணக்கு வேறு. அங்கே யார் கட்டியது என்பது விலையை ஏற்றும். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. 2009-இல் காந்தியின் சட்டைப்பைக் கடிகாரம், மூக்குக் கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் எல்லாம் சேர்த்து 18 லட்சம் டாலர். ஏலம் எடுத்தவர் மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா. எளிமைக்கும் சந்தையில் விலை உண்டு, அது தானாக விரும்பி ஏற்ற எளிமையாக இருந்தால்.

நமக்கு எளிமை கட்டளையாக வந்தது. 1930-இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் உள்ளிட்ட மூன்று காலனிகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்ட பிறகும், குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவை நம் பையன்களின் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும்தான். 2023-இல் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் நல்ல உடையும் கூலிங் கிளாஸும் போட்டதற்காக ஒரு தலித் இளைஞர் அடிக்கப்பட்டார். 1927-இல் மகாத்தில் பெண்களிடம் பேசிய அண்ணல் அம்பேத்கர், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் உடையையும் நகையையும் விட்டுவிடச் சொன்னது சும்மா இல்லை.

வாங்கப் போன கதைக்கு வருவோம். முதலில் போன கடையில், "யாருக்குப் பார்க்குறீங்க, உங்க முதலாளிக்கா?" என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டோம். அடுத்த கடையில் பொறுமையாகக் காட்டினார்கள். கடிகாரத்தில் உள்ள வரிசை எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தோம். முள், டயல் மாற்றப்பட்டிருக்கிறதா, எப்போது சர்வீஸ் செய்தது என்று கேட்டோம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வயதானால் இறுகிப்போகும். 300 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பித் தண்ணீரில் இறங்க முடியாது. அதனால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொன்னோம். கடைசியாக, அப்பா பெயரிலேயே பில். அதில் விட்டுக்கொடுக்கவில்லை. நம் பையன் கையில் விலை கூடின பொருளைப் பார்த்தால் "எங்கடா அடிச்ச?" என்றுதான் முதல் கேள்வி வரும். மற்றவருக்கு அது வெறும் ரசீது, நமக்கு ஜாமீன்.

அப்பா கையில் வாங்கியதும் கேட்டது ஒன்றுதான்: "யாரு போட்டது?" அவர் வாழ்க்கையில் வந்த பழசு எல்லாம் ஒரு பெயரோடு வந்தது. இன்னார் வீட்டுச் சட்டை, இன்னார் வீட்டு வேட்டி. அந்தப் பெயருக்கு ஆயுள் முழுக்கக் கும்பிடு போட வேண்டும். "தெரியாதுப்பா. நாம காசு குடுத்து வாங்குனது" என்றாள் அக்கா. அவர் மறுபேச்சுப் பேசாமல் கட்டிக்கொண்டார்.

இப்போது ஃபீஸ் கேள்வி. கட்டுகிறோம், மூவரும் மாதாமாதம். அதைக் குறைத்து இதை வாங்கவில்லை, கடனும் வாங்கவில்லை. தம்பிகளே, தங்கைகளே, வட்டிக்கும் தவணைக்கும் மணிக்கட்டை அடகு வைக்காதீர்கள். கடிகாரம் சாதியை ஒழிக்காது. அது படிப்பும் நிலமும் அமைப்பும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் கல்யாணத்துக்கு ஐம்பது பவுன் போடும் வீட்டில் யாரும் இந்தக் கணக்குக் கேட்பதில்லை. நம் கையில் ஒரு நல்ல பொருள் ஏறும்போது மட்டும் கணக்கு நோட்டு திறக்கிறது. அந்த நோட்டை நாமே ஒருவருக்கொருவர் நீட்ட வேண்டாம்.

நல்லபடி பராமரித்தால் இந்தக் கடிகாரம் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடும். ஒருநாள் விற்கவும் நேரலாம். வாங்குபவர் எண்ணைப் பார்ப்பார், மெஷினைப் பார்ப்பார், பேரம் பேசுவார், பிறகு மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். அப்போது, நம் வீட்டிலிருந்து கழிந்த ஒரு பழசை இன்னொருவர் விலை கொடுத்து வாங்கிப் போவார்.