கிட்டார் எங்கே போச்சு?

ரெண்டு வாரமா வெள்ளிக்கிழமை பஜனையில கிட்டார் சத்தமே இல்லையே, பையன் கோவிச்சுக்கிட்டானான்னு சிலர் கேட்டீங்க. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அது என் தம்பியோட கிட்டார். அவன் போனதுக்கு அப்புறம் அவன் மகன் வாசிக்கிறான். 2013 அக்டோபர்ல அணைத் தண்ணி திறந்து நம்ம லெம்பா பெர்த்தாம்ல சேறும் தண்ணியும் புகுந்துச்சே, அப்ப சுவத்துல மாட்டியிருந்ததால தப்பிச்சுது. ஆனா வீடு காயவே பல வாரம் ஆச்சு. அந்த ஈரத்துல பிரிட்ஜ், அதாவது கம்பியெல்லாம் வந்து முடியிற அந்தக் கட்டை, பின்பக்கம் லேசா தூக்கிக்கிச்சு. ஆறு இரும்புக் கம்பியும் சேர்ந்து 70 கிலோ கிட்ட இழுக்கும். மெல்லிசு பலகை, பசை மட்டுந்தான் பிடிச்சிருக்கு. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி சூப்பர் குளூவை இடுக்குல ஊத்திட்டேன். தம்பிகிட்ட கேக்கக்கூட இல்ல.

இப்ப மறுபடி தூக்கிடுச்சு. சரியா ஒட்டணும்னா முதல்ல முழுசா கழட்டணும். பழைய பசை மேல புதுப் பசை நிக்காது.

நம்ம கோயில் கும்பாபிஷேகத்துக்கு அஷ்டபந்தனம் இடிச்சவங்களுக்கு இது புரியும். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டும் சேர்த்து இடிக்க இடிக்க சூடேறி மாவு மாதிரி இளகும். எனக்குத் தோள்பட்டை ஒரு வாரம் வலிச்சுது. சாமியையும் பீடத்தையும் பிடிச்சு வைக்கிற மருந்தே அதுதான், ஆனாலும் 12 வருசத்துக்கு ஒருதரம் பழசை எடுத்துட்டுப் புதுசு சாத்துறோம். தஞ்சாவூர் வீணையிலயும் 24 மெட்டையும் மெழுகுலதான் பதிக்கிறாங்க, தேஞ்சா இளக்கி மறுபடி வைக்கலாம். கிட்டார் செய்யிறவங்க போடுற மரப்பசையும் அப்படித்தான், சூடு பட்டா விடும். சூப்பர் குளூ அப்படி லேசுல விடாது.

கம்பியைத் தளர்த்திக் கழட்டினோம். வெள்ளையா இருக்கிற சேடலையும் எடுத்தாச்சு, பிளாஸ்டிக்னா உருகிடும். உள்ள டார்ச் அடிச்சு போல்ட் இருக்கான்னு பார்த்தோம், இல்ல. சுத்தி அட்டையில அலுமினியத் தாள் சுத்தி மூடி, பிரிட்ஜ் மேல மட்டும் அயன் பாக்ஸ் வச்சோம். இங்கதான் பொறுமை வேணும். எங்க தேயிலை டிரையர் மாதிரிதான். சூடு பத்தலன்னா தூள்ல ஈரம் நின்னு பூசணம் பிடிக்கும், அதிகமானா கருகும். கிட்டார்ல சூடு அதிகமானா உள்ள இருக்கிற சட்டமும் சேர்ந்து விட்டுடும்.

கேக்குக்கு கிரீம் தடவுற மெல்லிசு கத்தியைச் சூடாக்கி ஓரத்துல விட்டேன். முக்கால்வாசி வெண்ணெய் மாதிரி போச்சு. நான் குளூ ஊத்தின இடம் வந்ததும் நின்னுடுச்சு. அசிட்டோன் போட்டா வார்னிஷ் போயிடுமோன்னு பயம். மறுபடி சூடு, மறுபடி கத்தி. கடைசியில டப்புனு ஒரு சத்தம். பலகையில ஒரு கட்டைவிரல் நகம் அளவு நார் பிரிட்ஜோட ஒட்டிக்கிட்டே வந்துடுச்சு.

எனக்கு வாயே வரல. பையன் குனிஞ்சு பார்த்தான். “குளூ ஊத்துனது நீங்கதானே பெரியப்பா? அப்பா சொல்லிருக்காரு. அண்ணன் மனசு நோகும்னு ஒன்னும் கேக்கலையாம்”னான்.

அஞ்சாறு வருசமா தம்பி தெரிஞ்சுக்கிட்டே வாசிச்சிருக்கான்.

பிஞ்ச நாரைச் சீவி எடுத்து அதே இடத்துல வச்சு மரப்பசை போட்டு ஒட்டினோம். ஒரு நாள் விட்டு, பழைய பசையெல்லாம் சுரண்டி, பிரிட்ஜை மரப்பசையிலயே வச்சு கிளாம்ப் போட்டு இறுக்கி வச்சோம். கிளாம்ப் ரிங்லெட் ஹார்ட்வேர் கடையில வாங்கினது. நேத்து கம்பி கட்டியாச்சு, முழுசா முறுக்கல. பிரிட்ஜுக்குப் பின்னால ஒரு சின்னத் தழும்பு தெரியுது. பையன் பாலிஷ் போட வேணாம்னுட்டான்.

வர்ற வெள்ளிக்கிழமை ஏழரைக்கு பஜனை. வடைக்கு உளுந்து ஊறப்போட ரெண்டு பேர் வேணும், முடிஞ்சவங்க கீழ பேர் போடுங்க.