கடல் கடந்த சரக்கும் கரையில் நிற்கும் லாரியும்



ஒரு பொருளின் விலையைக் கடலின் தூரமே தீர்மானிக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. கப்பல் கரையணைந்த பின், துறைமுகத்திலிருந்து ஊர் வந்து சேரும் சிறு தொலைவில்தான் பணமும் காலமும் பெரிதும் கரைகின்றன. வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் பல்லாண்டுகள் சரக்குக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைக் கூறுகிறேன்.

தோலைப் பதப்படுத்த உதவும் வாட்டில் மரப்பட்டைச் சாற்றுத் தூள் எங்களுக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும். ஒருமுறை அத்தூள் அடங்கிய கன்டெய்னர் பெருங்கடலைக் குறித்த நாளில் கடந்து வந்தது. ஆனால் லாரி ஓரிரவில் ஓடி முடிக்கும் தொலைவைக் கடக்க அதற்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. அந்நாட்களில் எங்கள் டிரம்கள் சுழலவில்லை. டிரம் சுழலாத நாளில் தினக்கூலித் தொழிலாளிக்குச் சம்பளம் ஏது? சனிக்கிழமை கூலி வாங்க வந்த பெண்மணி ஒருவர், “பாய், கப்பல் இன்னும் வரலையா?” என்று கேட்டார். “கப்பல் வந்துவிட்டதம்மா, பெட்டிதான் வரவில்லை” என்றேன். அந்த வேறுபாட்டால் அவர் வீட்டு அடுப்பு எரியுமா?

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? ஒரு கப்பல் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை இறக்கிவிடும். அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். நம் பெட்டி அடியில் இருந்தால் மேலுள்ளவற்றை அகற்றியாக வேண்டும். வாயிலோ லாரிகளை ஒவ்வொன்றாகவே விடும். இலவச நாட்கள் கடந்துவிட்டால், இடவாடகை ஒருபுறம், பெட்டியைத் திருப்பித் தராததற்குக் கப்பல் நிறுவனத்தின் கட்டணம் மறுபுறம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

இதற்குத் தீர்வுகள் இல்லாமலில்லை. பெட்டியைத் திறக்காமலேயே உள்நாட்டிற்குக் கொண்டு சென்று அங்கு சுங்கச் சோதனையை முடிக்கலாம். 1981ஆம் ஆண்டு பெங்களூரில் நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம் அமைந்தது இந்நோக்கத்தில்தான். 45 வேகன்கள் கொண்ட ஒரு சரக்கு ரயில் 40 அடிப் பெட்டிகள் 45ஐ இழுத்துச் செல்லும். அத்தனை டிரெய்லர் லாரிகள் சாலையில் குறையும். எனினும் குறுகிய தூரத்திற்கு ரயில் கட்டுப்படியாகாது. ஏற்றவும் இறக்கவும் இருமுறை செலவு. ரயில் நிரம்பும் அளவுக்குச் சரக்கும் வேண்டும். ஆகவே எங்களைப் போன்ற ஊர்களுக்கு லாரியே கதி.

சாலையிலும் மாற்றங்கள் வந்துள்ளன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததும் மாநில எல்லைகளிலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. சென்னைத் துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டு, இடையில் பணி நின்று, 2022 மே மாதம் இரண்டடுக்குப் பாலமாக மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது.

பாலமும் ரயிலும் அரசின் பொறுப்பு. நம் கையில் உள்ளவை எவை? வணிகம் செய்யும் சகோதரர்களே, இறக்குமதிப் பத்திரத்தைக் கப்பல் வருமுன்னரே தாக்கல் செய்யுங்கள். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பொதுவாக அதுவே விதி. காலிப் பெட்டியை வெறுமனே திருப்பி அனுப்பாமல், கப்பல் நிறுவனத்தின் இசைவு பெற்று, அதிலேயே உங்கள் ஏற்றுமதிச் சரக்கை ஏற்ற முயலுங்கள். ஒரு வழிப் பயணம் மிச்சமாகும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். வரிசையில் நிற்கும் லாரிக்குள் ஓர் ஓட்டுநர் இருக்கிறார். நிழலின்றி, கழிப்பிடமின்றி, இடத்தை விட்டு நகரவும் இயலாமல் அவர் நம் சரக்கைக் காத்து நிற்கிறார். அது அவரிடம் நாம் ஒப்படைத்த அமானிதம். அவர் காத்திருக்கும் நாட்களுக்கும் படி கொடுங்கள். அதைக் கேட்டு வாங்கும் நிலைக்கு அவரை ஆளாக்காதீர்கள்.