நாளைய மோட்டார் சைக்கிளும் நம் வாலிபரும்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் தங்கை மகன் நம்மைக் காண வந்திருந்தான். ஜாசினுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், வயது 22, மலாக்கா டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்து வருகிறான். வந்தவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து மேசைமீது வைத்தான். "மாமா, தவணைக்கு வண்டி எடுக்கப் போகிறேன். ஜாமீன் கையெழுத்து மட்டும் நீங்கள் போட்டுக் கொடுக்க வேண்டும்" என்றான். வண்டி 150 சி.சி. அது முதற்படிதானென்றும், பின்னர் 250, அதன்பின் 1000 என்று ஏறிப் போகும் எண்ணம் தனக்கு உண்டென்றும் ஒளிக்காமல் கூறினான்.

பேனாவைக் கையில் எடுத்தோம். ஆனால் எழுத மனம் வரவில்லை. அதன் காரணத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுவதே முறை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அதே தோட்டத்தில் அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இத்தகைய தாளொன்றில் நாம் கையெழுத்திட்டோம். இரண்டாண்டுத் தவணை. எட்டு மாதம் சென்றது. ஒரு மழைநாள் மாலையில், செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து பெரிய சடக்கில் திரும்பிய லோரியொன்றைக் கண்டு அவன் பிரேக்கை இறுகப் பிடித்தான். முன்சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. வண்டி வழுக்கி விழுந்தது. தலைக்கவசம் அணிந்திருந்தான், அதன் வாரை மட்டும் மாட்டவில்லை. அவன் பிழைக்கவில்லை. வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இல்லாமையால், தவணைக்காரர்கள் மீதிப் பணத்துக்கு நம்மை நாடினர். சட்டப்படி அஃது அவர்கள் உரிமை. போலீஸ் நிலையத்தின் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிக்காக 16 மாதம் பணம் கட்டினோம். பணம் பெரிதன்று. ஒவ்வொரு மாதமும் ரசீதை வாங்கும்போது, அப்பிள்ளையின் தாயார் வாசற்படியில் உட்கார்ந்திருந்த கோலம் கண்முன் வந்து நின்றதே, அதுதான் பெரிது.

ஆகவே, "ஒரு வாரம் பொறு, தம்பி" என்று சொல்லி அவனை அனுப்பினோம். அந்த ஒரு வாரத்தில், இவ்வேக வண்டிகள் எங்கிருந்து வந்தன, இனி எங்கே போகின்றன என்பதைப் படித்தும், அவனிடமே கேட்டும் அறிந்துகொள்ள முயன்றோம். அறிந்தவற்றை நம்மோடு வைத்துக்கொள்வது நியாயமன்று. ஏனெனில், தோட்டத்திலும் டவுனிலும் இன்று இத்தகைய தாள் வந்து நிற்காத தமிழர் வீடு அரிது.

நம் மக்களுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1888-ல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் செய்தார். 1896-ல் டான் சாய் யான் என்னும் சீனப் பெரியார் நம் மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் கித்தா பயிரிட்டார்; 1898-ல் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டமே எழுந்தது. இந்நாடெங்கும் கித்தாத் தோட்டங்கள் பரவப் பரவ, நம் முன்னோர் கப்பலேறி வந்து, விடியுமுன் எழுந்து மரம் சீவினர். அவர்கள் சேர்த்த பாலே உலகத்துச் சாலைகளிலெல்லாம் டயராக உருண்டோடிற்று. அவர்களோ வெறுங்காலால் நடந்தனர்! பின்னரே சைக்கிள் வந்தது. அதன் பின்னர், 1958-ல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்த கப்சாய் வண்டி லயத்து வாசலுக்கு வந்தது. பால் வாளியைச் சுமந்ததும் அதுவே. பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கி விட்டதும் அதுவே. நள்ளிரவில் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் அதுவே. தோட்டத்து லோரிக்கும், எப்போதோ வரும் பஸ்ஸுக்கும் காத்துக் கிடந்த தொழிலாளியை, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகச் செய்தது அச்சிறு வண்டியன்றோ? ஆதலின், மோட்டார் சைக்கிளையே பழிப்பார் கூட்டத்தில் நாம் ஒருபோதும் சேரோம்.

இது நிற்க. வேக வண்டியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1885-ல் ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பூட்டி ஓட்டிய முதல் வண்டி மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர்தான் ஓடியது. நூறாண்டுக்குச் சற்றுப் பின், 1999-ல், சுஸுக்கியின் ஹயாபுஸா 300-ஐத் தாண்டிற்று. அதைக் கண்டு ஐரோப்பிய அரசுகள் தடை விதிக்குமோ என்று அஞ்சிய கம்பெனிகள், கடையில் விற்கும் வண்டிகளை 300-க்கு மேல் ஓடவிடுவதில்லை என்று தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. 2016-ல் துருக்கியில், புதிதாய்க் கட்டி இன்னும் திறவாத பாலமொன்றின்மேல், கெனான் சோபுவோக்லு என்னும் பந்தயவீரர் பந்தயத்தளத்துக்கென்றே செய்த கவாஸாக்கி வண்டியில் 400-ஐத் தொட்டார். அதற்குமேல் போய் மனிதன் எதைக் காணப் போகிறான்? மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடுபவன் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறான். வேகம் இருமடங்கானால் மோதும் வலிமை நான்மடங்காகிறது. அவனைச் சாலையோடு பிணைத்திருப்பதோ, ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கையளவு இடமே. அந்த உள்ளங்கையை எவ்வளவு பெரிய எஞ்சினும் அகலமாக்கிவிட முடியாது.

எனவே, நாளைய வண்டியின் பெருமை வேகத்தில் இராது. அறிவில் இருக்கும் என்பதே நாம் கண்ட முடிவு. இதற்கு மூன்று சான்றுகள் கூறுவோம்.

முதலாவது, பிரேக். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து, நொடியில் பலமுறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் அமைப்புக்கு ஏ.பி.எஸ். என்று பெயர். மோட்டார் சைக்கிளில் இதனை 1988-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி முதலிற் கொணர்ந்தது. 2013-ல் வண்டியின் சாய்வையும் அளந்து, வளைவில் சாய்ந்து செல்லும்போதும் பிரேக்கின் அழுத்தத்தைத் தானே திருத்தும் கருவி வந்தது. இப்பொழுது முன்னும் பின்னும் வரும் வண்டிகளை ராடாரினால் அறியும் மோட்டார் சைக்கிள்களும் கடைக்கு வந்துவிட்டன. 2023-ல் ஹோண்டா, இடக்கையால் கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்றும் முறையொன்றை அறிவித்தது. வண்டி ஓட்டுபவனுக்கு ஒரு காவற்காரனாக மாறிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது, அதன் இருதயம். இனி எல்லாம் மின்சாரம் என்கிறார்கள் சிலர். கணக்குப் பார்த்தால் அவ்வளவு எளிதன்று. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணி சக்தி அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பாட்டரியில் சுமார் 250 மட்டுமே. எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக வீணாக்குகிறது, மின்மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்துகிறது என்பது உண்மை. ஆயினும் இடைவெளி பெரிது. 2019-ல் தொடங்கிய மோட்டோ ஈ என்னும் உலக மின்வண்டிப் பந்தயத்தில் ஓடிய டுகாட்டி வண்டி தொடக்கத்தில் 225 கிலோ எடை. பெட்ரோல் பந்தய வண்டிக்கோ 157 கிலோ போதும். 2025-ஆம் ஆண்டுடன் அப்பந்தயத்தையே நிறுத்திவைத்தார்கள். ஆகவே, கடைத்தெருவுக்கும் வேலைக்கும் போகும் சிறு வண்டி முதலில் மின்சாரத்துக்கு மாறும். நெடுந்தூர வேக வண்டி இடைவழியொன்றில் சிலகாலம் நிற்கும் என்று எண்ணலாம். அதன் அறிகுறிகளை இப்பொழுதே காண்கிறோம். கவாஸாக்கி 451 சி.சி. எஞ்சினோடு மின்மோட்டாரையும் சேர்த்து வண்டி செய்தது. ஹோண்டா 2024-ல் மிலான் நகரக் காட்சியில், மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு மின்சாரத்தால் காற்றை அழுத்தி ஊட்டும் அமைப்பைக் காட்டிற்று. சிறிய எஞ்சின், பெரிய பலன் என்பதே இவற்றின் நோக்கம்.

மூன்றாவது சான்றே நம்மை வியக்கச் செய்தது. நம் பிள்ளைகள் சிப்பாங்குக்குச் சென்று ஆரவாரிக்கும் மோட்டோ ஜீபீ பந்தயத்தில், 2027 முதல் எஞ்சின் 1000 சி.சி.யிலிருந்து 850 ஆகக் குறைய வேண்டும். காற்றை அழுத்தும் சிறகுகள் சுருங்க வேண்டும். வண்டியின் உயரத்தை ஓட்டத்திலேயே தாழ்த்தும் கருவிகள் கூடா. எரிபொருள் மண்ணெடுத்த எண்ணெயாக இராமல் முழுவதும் வேறுவழியில் ஆக்கியதாக இருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். வேகத்தை விற்றுப் பிழைப்பவர்களே வேகத்துக்குக் கடிவாளம் போடுகிறார்கள்! அதனை வேடிக்கை பார்க்கும் நம் வாலிபன் மட்டும் இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் வண்டிமேல் குப்புறப் படுத்து ஓட்டுவது என்ன வீரம்?

இனி நம் சமூகத்தை நோக்கிச் சில சொற்கள். புது வண்டி வாங்கியவுடன் நாம் செய்வதென்ன? கோயில் வாசலில் நிறுத்தி, மாலை சூட்டி, சந்தனமும் குங்குமமும் அப்பி, கற்பூரங் கொளுத்தி, இரண்டு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் வண்டிக்கும் அவ்வாறே செய்தோம், நாமும் உடனிருந்தோம். நசுங்கிய பழம் பிரேக்கைக் காக்கவில்லை. அன்று ஏ.பி.எஸ். என்ற சொல்லை நாம் அறியோம். அது இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால், அதைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்காமல், பழம் வாங்க மறவாதிருந்தோமே, அந்த வெட்கம் நம்மை விட்டுப் போகவில்லை. பக்தி வேண்டுவோர் பக்தி செய்க. ஆனால், வார் மாட்டாத தலைக்கவசத்துக்குத் தெய்வம் பொறுப்பேற்கும் என்று எண்ணுவது பக்தியன்று; சோம்பல்.

அரசினர்க்கும் ஒரு சொல். 150 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள புதிய மாதிரி வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்ற விதி இந்நாட்டில் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது, நல்லது. ஆனால் 1988-க்கும் 2025-க்கும் இடையே 37 ஆண்டுகள் கழிந்தன! இந்நாட்டுச் சாலைச் சாவுகளில் பத்தில் ஆறுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை. அவர்களிற் பெரும்பாலோர் ஏறிச் செல்வது 1000 சி.சி. வண்டியன்று, சிறு கப்சாய் வண்டியே. செல்வன் வண்டிக்கு முதலிலும், தொழிலாளி வண்டிக்குக் கடைசியிலும் பாதுகாப்பு வருமானால், உயிருக்கும் சி.சி. கணக்கு உண்டோ என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறன்று மருமகன் வந்தான். நாம் படித்ததையெல்லாம் கூறினோம். பொறுமையாகக் கேட்டான், பின்னர் நாம் எதிர்பாராத ஒன்றைச் சொன்னான். "மாமா, இந்த மாற்றமெல்லாம் ஓட்டுகிறவனுக்கு முன்னால் எங்களைத்தான் தாக்கும். இப்போதே பல வண்டிகளுக்குக் கம்ப்யூட்டரை மாட்டித்தான் கோளாறு பார்க்கிறோம். கார்புரேட்டர் கழுவ மட்டும் தெரிந்தவனுக்கு இன்னும் பத்து வருஷத்தில் வேலை இருக்காது. பெரிய மின்வண்டியில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். தெரியாமல் கை வைத்தால் ஆளே போய்விடுவான்."

அவன் சொன்னது முற்றும் சரி. நாம் அவன் உயிரை மட்டும் எண்ணிக் கவலையுற்றோம்; அவனோ தன் பிழைப்பையும் எண்ணியிருக்கிறான். மரம் சீவத் தெரிந்த தலைமுறை, கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபோது கைவிடப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். ஸ்பானர் பிடிக்கும் தலைமுறைக்கும் அக்கதி நேரலாமா? தமிழரால் இத்தொழில் ஆகாதென்று எவரும் சொல்லற்க. தமிழ்நாட்டில் ஒசூரிலுள்ள டி.வி.எஸ். ஆலை, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.வுடன் 2013-ல் உடன்படிக்கை செய்துகொண்டு, அக்கம்பெனியின் பெயரிலேயே 310 சி.சி. வண்டிகளை உலகுக்குச் செய்தனுப்பிற்று. அங்கே கற்றுக்கொள்ள முடிந்ததை இங்கே நம் பிள்ளை கற்கலாகாதா? வேக வண்டியின்மேல் நம் வாலிபர்க்கு உள்ள ஆசையைத் திட்டித் தீர்ப்பதைவிட, அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று அறியும் ஆசையாக அதைத் திருப்பிவிடுவதே பெரியோர் கடமை.

முடிவாக, ஏ.பி.எஸ். உள்ள வண்டியையே எடுப்பதென்று பேசினோம். விலை கூடுதல் என்று முகஞ்சுளித்தான். அவன் சம்பளத்துக்கு அது சுமையே. கூடுதல் தொகையை நாம் தருவதாகச் சொன்னோம். அதற்கு ஈடாக, மின்வண்டிப் பழுதுபார்க்கும் வகுப்பொன்றில் இவ்வாண்டே சேர வேண்டும். வண்டியில் ஏறினால் வாரை மாட்ட வேண்டும். இரண்டுக்கும் இசைந்தான். பழம் நசுக்கும் சடங்கு வேண்டாமென்றும் சொன்னோம். "அம்மா கேட்க மாட்டார்கள், மாமா" என்றான். தங்கையோடு வாதிட நம்மாலும் இயலவில்லை. அவள் மனநிறைவுக்கு ஒரு பழம் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிறகு கையெழுத்திட்டோம். கை நடுங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். மூன்றாண்டுத் தவணை. அதன் கடைசி ரசீதை அவனே தன் கையால் வாங்கி வந்து நம்மிடம் காட்ட வேண்டும் என்பதொன்றே நாம் கேட்கும் நன்றி.