குஞ்சைத் தேர்வதற்கு முன்

செப்டம்பர் 8

குளத்துக் கோய் மீன்கள் செத்ததற்குக் காரணம் கோய் ஹெர்பெஸ் நோய்தான் என்று பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இதற்கு மருந்து கிடையாது.

செப்டம்பர் 21

புதுமீன் வாங்குவதென்றால், பொழுதுபோக்காகக் கோய் வளர்க்கும் ஒருவரிடம் இவ்வருடக் குஞ்சுகள் இருக்கின்றன. யாருக்கும் கண் முதலில் வண்ணத்தின் மேல்தான் போகும். ஆனால் வண்ணம் நிலையாக நிற்பதில்லை. ஷோவா வகைக் குஞ்சின் கறுப்பு சில மாதம் எழும்பி நிற்கும், பிறகு அமிழ்ந்து வேறிடத்தில் தலைகாட்டும். கோஹாக்கு வகையின் சிவப்புத் திட்டுகள் உடல் நீள நீள விலகிப்போகும். விரல் நீளத்தில் நிறைவாகத் தெரியும் கோலம், அறுபது சென்டிமீட்டர் மீனில் வெறிச்சென்று ஆகிவிடலாம். உடற்கட்டின் குறை அப்படி மாறுவதில்லை. கோணிய முதுகெலும்பு நிமிராது, குட்டையான செவுள்மூடி வளர்ந்து சரியாகாது. ஆகவே அகன்ற தலையையும் பருத்த வாலடியையும் முதலில் பார்க்க வேண்டும். நீந்தும்போது உடல் ஒரு பக்கம் சாயக் கூடாது. அழகுக்காகத்தானே கோய் என்று மறுக்கலாம். நியாயம்தான். ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில் உணவுக்காக வளர்த்த கெண்டைகளில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய நிறங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து உருவாக்கிய மீன் இது. இருந்தும் போட்டிகளில் உடலமைப்பைப் பார்த்த பிறகே கோலத்தைப் பார்க்கிறார்கள். அந்த வரிசை சரியானது.

செப்டம்பர் 22

குளத்தில் நோய்க்குப் பிழைத்த ஒரே மீன் இன்று தீனி எடுத்தது.

அக்டோபர் 5

சிறு வளர்ப்பாளரிடம் ஏன் வாங்க வேண்டும்? ஒரு பெண்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். பெரிய பண்ணையால் அவற்றைப் பலமுறை கழித்துச் சிறந்தவற்றை மட்டும் நிறுத்திக்கொள்ள முடியும்; சில தொட்டிகளே உள்ளவரால் முடியாது. தரத்தில் இது உண்மையான இழப்பு. ஆனால் பல பண்ணை மீன்கள் ஒரே தண்ணீரில் கலக்கும் விற்பனைத் தொட்டியில்தான் நோய்க்கும் வழி எளிது. சிறு வளர்ப்பாளரால் தாய்மீனைக் காட்ட முடியும், வெளிமீன் கடைசியாக எப்போது வந்தது என்று சொல்ல முடியும். பரிசோதனைச் சான்று போதாதா என்றால், போதாது. நோயிலிருந்து மீண்ட மீனில் வைரஸ் பதுங்கியிருக்கும்போது சோதனைக்குச் சிக்காமலும் போகலாம். வெளிமீனை எத்தனை நாள் தனித்தொட்டியில் வைத்தார், எந்த வெப்பநிலையில் வைத்தார் என்றும் கேட்க வேண்டும். நோய் பெரும்பாலும் சுமார் 16 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில்தான் வெளிப்படும். குளிர்ந்த நீரில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அது எதையும் நிரூபிக்காது.

அக்டோபர் 6

மனம் தெளிந்திருக்கிறது. ஒரே ஒரு கோஹாக்கு போதும்.

அக்டோபர் 19

விற்பவரிடம் கேட்கும் கேள்விகள் வாங்குபவரின் குளத்துக்கும் பொருந்தும். பிழைத்த மீன் வைரஸைச் சுமக்கக்கூடும். அயர்ச்சியிலோ வெப்பநிலை மாறும்போதோ அது மீண்டும் விழித்தால், நோயையே அறியாத குஞ்சுதான் முதலில் சாகும். முறைப்படி செய்வதென்றால் பிழைத்ததைக் கொன்று, குளத்தை வற்றவைத்துக் கிருமி நீக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். அறிவு இதை ஒப்புகிறது. ஆனால் புதுமீன் வராதவரை, வெளியே எங்கும் போகாதவரை, பிழைத்த மீனால் இன்னொரு மீனுக்குத் தீங்கில்லை. கோய் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. வரப்போகும் அழகுக்காக, நோயை வென்று நிற்கும் உயிரை அழிப்பதை எந்த அளவுகோலால் நியாயப்படுத்துவது? புதுமீனுக்குத் தனிக்குளம் என்றால் வலை, வாளி, குழாய் எல்லாமே தனியாக வேண்டும், அதற்கு இடமில்லை.

அக்டோபர் 27

குளிருக்கு முன் குஞ்சுகளைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார் வளர்ப்பாளர். எந்த நாள் வருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்.