திங்கட்கிழமை வயிற்றுவலி

1/
திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி என்று ஒன்று உண்டு. ஞாயிறு இரவு வரை நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை, காலை எட்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். யூரின் நார்மல், ஸ்கேன் நார்மல், பூச்சி மாத்திரையும் கொடுத்தாயிற்று. அடுத்த திங்கள் மறுபடியும் வலி.

இது நடிப்பு இல்லை. பயத்தில் வயிறு உண்மையிலேயே வலிக்கும். இப்படி வரும் பிள்ளைகளிடம் ஒரு தமிழ்ப் பேப்பரைக் கொடுத்து, "நாலு வரி படி கண்ணு" என்பேன். பல நேரம் பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

2/
நான் வடசென்னையில் குழந்தைகள் மருத்துவர். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். போன வருஷம் ஒரு பையன் வந்தான். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மாவுக்கு மீன் வியாபாரம். அம்மா உள்ளே வந்ததுமே சொன்னது: "இன்னா டாக்டரம்மா, இவனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குது. பேசாம ஐஸ் கம்பெனிக்கு அனுப்பிடலாம்னு கீறோம்."

பேச்சுக் கொடுத்தேன். ஒரு ட்ரிப்புக்கு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக ஆளுக்கு எவ்வளவு பங்கு வரும் என்று மனக்கணக்காகவே சொல்கிறான். படகு இன்ஜின் ஏன் சூடாகிறது என்று எனக்கே பாடம் எடுக்கிறான். பேப்பரைக் கொடுத்தேன். "மீனவர்களுக்கு" என்ற ஒரு சொல். "மீ... ன... வ... ர்..." என்று ஒவ்வொரு எழுத்தாக ஏறி, "களுக்கு" வந்து சேர்வதற்குள் முன்னால் படித்தது மறந்துபோய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

3/
இவன் ஏன் படிக்கவில்லை என்பதற்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. "வீட்ல சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல." "கொரோனாவுல ரெண்டு வருஷம் போச்சு." "எப்பப் பாரு செல்போன்." "அந்த ஏரியா பசங்களே அப்டித்தான்."

கடைசிப் பதிலைத் தவிர மற்றவை கொஞ்சம் கொஞ்சம் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அதே வீடு, அதே பள்ளி, அதே கொரோனா. அவள் சரளமாகப் படிக்கிறாள். அப்படியென்றால் வீட்டைத் தாண்டி வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும், இல்லையா?

இந்த இழையில் நான் சொல்ல வருவது இதுதான். வசதியான வீட்டுப் பிள்ளை வாசிக்கத் திணறினால் காரணம் தேடுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளை திணறினால் யாரும் தேடுவதில்லை, ஏனென்றால் வறுமை என்ற காரணம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதன் பின்னால் டிஸ்லெக்சியா ஒளிந்துகொள்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991-லேயே இதே ஊரில் தொடங்கப்பட்டுவிட்டது. அதன் மையம் தி.நகரில் இருக்கிறது. எண்ணூரில் அந்தச் சொல்லையே கேட்டிராத பெற்றோரை நான் இன்றும் பார்க்கிறேன்.

4/
டிஸ்லெக்சியா என்றால் என்ன? பேச்சின் ஒலிகளைப் பிரித்து, அவற்றை எழுத்தோடு சட்டென்று பொருத்துகிற வேலை மூளையில் மெதுவாக நடப்பது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை.

1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பையனைப் பற்றி எழுதினார். அவனுக்கும் பதினாலு வயது. கணக்கில் கெட்டி, விளையாட்டில் குறைவில்லை, எழுத்தைப் படிக்க மட்டும் வரவில்லை. பாடம் எல்லாமே வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதலில் வருவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் ஐஸ் கம்பெனிப் பையனுக்கும் அவனுக்கும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.

இது குடும்பங்களில் தொடர்ந்து வரும். இரண்டாவது முறை வந்தபோது அப்பாவும் வந்தார். நான் விளக்கி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் எயுத்துக் கூட்ட வராதும்மா. அஞ்சாங் கிளாஸ்ல வாத்தியார் அடிச்சாரு, நின்னுட்டேன்" என்றார்.

5/
"எழுத்தைத் தலைகீழா எழுதுவாங்களே, அதுதானே?" என்று கேட்பீர்கள். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படம் டிஸ்லெக்சியாவை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படத்தை வைத்துத் தமிழ்வழிப் பிள்ளையைத் தேடினால் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

2001-ல் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். மூளையில் தெரிந்த வித்தியாசம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் இத்தாலியர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள். காரணம், இத்தாலிய எழுத்து ஒலியோடு ஒழுங்காகப் பொருந்தும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. இப்படி ஒழுங்கான எழுத்துள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிவருவதைவிட, மிக மெதுவான வாசிப்பாகவே வெளிவரும்.

தமிழும் பெருமளவு அப்படித்தான். எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். ஆனால் நம் மொழிக்கென்று சில சிரமங்கள் உண்டு:

- 247 எழுத்துகள். கொம்பு, கால், சுழி என்று அடையாளங்கள் அதிகம்.
- 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது.
- கடல், தங்கம், மகன்: மூன்றிலும் ஒரே 'க', ஒலி வேறு வேறு.
- வீட்டில் "வந்துச்சு", புத்தகத்தில் "வந்தது".
- சொற்கள் ஒட்டி ஒட்டி நீளமாகும். "மீனவர்களுக்கு" அவனைக் கவிழ்த்தது இப்படித்தான்.

6/
ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் பழத்தைப் 'பயம்' என்போம். பிள்ளை அப்படியே எழுதினால் அது டிஸ்லெக்சியா இல்லை. பேசுவதைத்தான் எழுதுகிறது. ல, ள, ழ குழப்பம் தமிழ்நாடு முழுக்க உண்டு. அதற்காக யாரையும் டாக்டரிடம் இழுத்துப் போக வேண்டாம்.

பார்க்க வேண்டியவை வேறு. மூன்றாம் வகுப்பிலும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் ஏறுகிறதா? குறில் நெடில் மாறுகிறதா, புள்ளி விட்டுப்போகிறதா? நேற்று படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறதா? வாயால் கேட்டால் பதில் வருகிறது, எழுதச் சொன்னால் வெள்ளைத்தாளா? மனப்பாடம் செய்து சமாளிக்கிறதா? வளர்ந்த பிள்ளை என்றால், வாசிக்கச் சொல்லும் பீரியடில் மட்டும் வம்பு செய்து வெளியே போய் நிற்கிறதா? இதை மறந்துவிடாதீர்கள். "மக்கு" என்று பெயர் வாங்குவதைவிட "ரௌடி" என்று பெயர் வாங்குவது பதினாலு வயதில் கௌரவம்.

7/
முதலில் கண் டெஸ்ட், காது டெஸ்ட். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கும் பிள்ளைக்கு ஒலி சரியாகக் கேட்காமலே இருக்கலாம். ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் உளவியலாளரின் ஐ.க்யூ. சோதனையும் வாசிப்பு, எழுத்துச் சோதனைகளும்.

டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது. ஞாபகசக்தி டானிக், வல்லாரை கேப்சூல், 'மூளைப் பயிற்சி' பேக்கேஜ் எதற்கும் காசைக் கொட்டாதீர்கள். முறையாக, பொறுமையாக, திரும்பத் திரும்ப வாசிக்கக் கற்றுக்கொடுப்பது மட்டுமே வைத்தியம்.

இன்னொன்று. தமிழில் திணறும் பிள்ளையை, "இங்கிலீஷ் மீடியம் போட்டா சரியாயிடும்" என்று கடன் வாங்கி மாற்றுகிறார்கள். ஒழுங்கான எழுத்திலேயே தடுமாறும் பிள்ளைக்கு ஆங்கில ஸ்பெல்லிங் இன்னும் கஷ்டம். அவசரப்படாதீர்கள்.

8/
வீட்டில் என்ன செய்யலாம்? படித்த பெற்றோர்தான் செய்ய முடியும் என்பதில்லை.

- தினமும் பதினைந்து நிமிஷம், அதே நேரத்தில். ரெண்டு மணி நேரம் உட்கார வைத்து அடிப்பதால் ஒன்றும் வராது.
- பேப்பரே இல்லாமல் ஒலி விளையாட்டு. "மரம்... 'ம'வுக்குப் பதிலா 'க' போட்டா?" "கரம்!" மீன் அலசிக்கொண்டே ஆடலாம்.
- மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே சத்தமாகச் சொல்வது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் பாட்டன்மார் படித்த முறை. கண், கை, காது மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். இன்றைய சிறப்பு ஆசிரியர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.
- நீளமான சொல்லைப் பென்சிலால் வெட்டிக் கொடுங்கள்: மீனவர் / களுக்கு.
- அக்காவோ அண்ணனோ கூடவே சேர்ந்து சத்தமாகப் படிக்கட்டும். தடுக்கினால் நாலு நொடி பொறுத்து, சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள்.
- பாடத்தைப் போனில் ரெக்கார்டு செய்து கேட்க வையுங்கள். தமிழை வாசித்துக் காட்டும் வசதி இப்போது போனிலேயே உண்டு. காதால் படிப்பதும் படிப்புதான்.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: "உன் அக்காவைப் பார்" என்பது.

9/
ஆசிரியர்களுக்கு. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு தெரியும். நான் கேட்பது செலவில்லாத சில விஷயங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அறிவியல் பேப்பரில் எழுத்துப் பிழைக்கு மார்க் வெட்டாதீர்கள். போர்டைப் பார்த்து எழுத முடியாத பிள்ளைக்கு நோட்ஸை ஜெராக்ஸ் கொடுங்கள். ஒருமுறை வாயால் கேட்டுப் பாருங்கள். இம்போசிஷன் வேண்டாம், பத்து முறை எழுதினால் பத்து முறை தப்பாக எழுதுவான்.

எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் இல்லாததால்தான் இப்படி என்று சொல்வோர் உண்டு. ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் போட்டிருந்தால் இந்தப் பையன் படித்திருக்க மாட்டான், அப்போதே நின்றிருப்பான். அவன் அப்பா நின்ற வகுப்பும் அதுதான்.

10/
சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன் 16-வது பிரிவு, இதைச் சீக்கிரமே கண்டறிவது பள்ளிகளின் கடமை என்கிறது. 17-வது பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழி விலக்கு பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்விலும் டிஸ்லெக்சியா மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தலைமை ஆசிரியர் வழியாக, மருத்துவச் சான்றிதழோடு, தேர்வுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரியில் ஓடி வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சான்றிதழ் பொதுவாக எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள். உதவியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டாம். அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பரிசோதனையை அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம்.

40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுத்தரை மறுக்கக் கூடாது என்றது. அதைத் தொடர்ந்து 2022-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது.

11/
கஷ்டமான பகுதி இதற்கு அப்புறம்தான் வந்தது. சான்றிதழ் என்றதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "என் புள்ளைக்குக் கை கால் நல்லாத்தான கீது? ஊனம்னு எயுதித் தர்றதா? நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

அவர் கேட்டது நியாயமான பயம். இதைச் சிரித்து ஒதுக்குகிற டாக்டரிடம் மறுபடி யாரும் வர மாட்டார்கள். நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவனுக்கு ஏற்கெனவே ஒரு பேர் வெச்சிருக்காங்கண்ணா. மக்கு. ஒன்பது வருஷமா அந்தப் பேரைச் சுமக்கிறான். அதுக்கு ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா கூடத் தர மாட்டாங்க." அவர் பதில் சொல்லவில்லை. பையன்தான் சொன்னான்: "எழுதிக் குடுங்க டாக்டர்."

12/
இப்போது அவன் பத்தாம் வகுப்பு. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான். அக்கா தினமும் ஒரு பாடம் போனில் பேசி அனுப்புகிறாள், வலை பின்னிக்கொண்டே கேட்கிறான். காலாண்டில் அறிவியல் பாஸ், தமிழ் ஃபெயில். சலுகைக்கான விண்ணப்பம் போயிருக்கிறது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்கிறான். பத்தாவது தாண்டினால் அந்த வழி திறக்கும், தாண்டாவிட்டால் ஐஸ் கம்பெனி. ஒரு மணி நேரம் கூடுதலுக்கு அவ்வளவு எடை இருக்கிறது.

13/
உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் "படிப்பு வரல" என்று வேலைக்குப் போன பதினஞ்சு வயசுப் பிள்ளை யாராவது இருக்கும். அதன் வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வாயால சொல்லச் சொன்னா சொல்லுமா?" ஆமாம் என்றால், பள்ளியில் திரும்பச் சேர்ப்பதற்கும் பரிசோதனைக்கும் வழி சொல்லுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பாடத்தை ரெக்கார்டு செய்து கொடுக்கலாம். அதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை.