பானைக்கு முன் மிதவை

சிடாம் கிரி, கெடா

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டிலேயே பீர் போடப் போவதாகவும், முதன்முதலில் என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். அத்தானும் படித்தார். “சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறான், நாள் முழுக்கப் பால் அளக்கிறவளிடம்” என்றார். கையுறைத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் ரப்பர் பாலின் அடர்த்தி பார்ப்பதுதானே என் வேலை. அந்த வேலையை வைத்தே உனக்குப் பதில் சொல்கிறேன்.

நீ சிங்கப்பூரில் இருப்பதால் இதைத் தைரியமாகக் கேட்க முடிகிறது. அங்கே 2004 முதல் வீட்டில் பீர் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கதை வேறு. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். நம் தமிழ்நாட்டிலோ 1987 முதல் பனங்கள்ளுக்கே தடை. ஆகவே, நான் கீழே எழுதுவதெல்லாம் உன் அடுக்குமாடி வீட்டுக்கு மட்டும். இதைப் படித்துவிட்டு நம் ஊர் நாசரேத்தில் யாராவது வாளி வாங்கக் கிளம்பினால் தடுத்துவிடு.

சாமான் பட்டியலுக்கு முன்னால் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிடாம் கிரி, சுங்கை பட்டாணிப் பக்கத்து ஊர். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனையும் தமான் வீடுகளும்தான். மாமா பிறந்தது பால்மரக் காட்டில், லயத்து வீட்டில். அவர் சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வெட்டுக்காரர்கள் விடியலில் மரம் சீவி, வெயில் ஏறியதும் பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே தோட்டத்து எழுத்தரான கிராணி ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, ஒரு கண்ணாடி மிதவையை விட்டுப் பார்ப்பார். மெட்ரோலாக் என்பது அதன் பெயர். மிதவை எவ்வளவு மூழ்குகிறது என்பதை வைத்துப் பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று சொல்லிவிடலாம். யாராவது வாளியில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நான் வேலை பார்க்கும் இடத்தில் இன்று உலர்த்தும் அடுப்பும் மின் தராசும் இருக்கின்றன, அடிப்படை அதேதான்.

அதே ஆட்கள் மத்தியானம் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போவார்கள். அரசு உரிமத்தில் நடந்த கடை. கையில் வாங்கிக் குடித்த கள் காலையில் இறக்கியதா, முந்தின நாளுடையதா, அதில் எவ்வளவு போதை என்று சொல்ல அங்கே எந்த மிதவையும் இல்லை. தொழிலாளி கொடுப்பதைத் துளித் துளியாக அளந்த தோட்டம், அவன் குடிப்பதை அளக்க ஒரு கருவியும் வைக்கவில்லை. என் மாமியாரின் அப்பா சம்பள நாளில் வீட்டுக்கு என்ன கொண்டுவருவார் என்பதை அந்தக் கடைதான் தீர்மானித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எழுதும் இந்த நேரத்திலும் வருகிறது.

அந்தக் கோபம் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற பெரிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும் துரை எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையோடும் சேர்த்து, கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. போர் முடிந்த பிறகு எங்கள் கெடாவிலேயே அது படையாகத் திரண்டது. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. இந்திய தேசிய ராணுவத்தின் சாயலில் சீருடை, அணிவகுப்பு எல்லாம் உண்டு. தோட்டம் தோட்டமாகப் போய்க் குடியை விடச் சொன்னார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலுக்குத் திரண்டவர்களோடு போலீஸ் மோதியது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் கைதுகள். குடிக்க மாட்டோம் என்று சொல்லப் போனவர்கள் அடிபட்ட ஊர் இது. இங்கிருந்து பீடோங் பக்கம்தான்.

கள்ளுக்கடையை மூடச் சொன்னால் தோட்ட முதலாளிகள் எப்போதும் ஒரு சாக்குச் சொல்வார்கள்: கள்ளை நிறுத்தினால் ஆட்கள் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்குப் போய்விடுவார்கள் என்று. கள்ளுக்கடைகள் குறைந்த பிறகு சம்சு பெருகியது உண்மைதான். ஆனால், அதற்குக் காரணம் கடையை மூடியது மட்டுமா? லயத்து வீடும் அரைக் கூலியும் அப்படியே இருந்தன. சின்னப் புட்டியில், மலிவு விலையில், வீரியம் தெரியாத சரக்கு மளிகைக் கடை வரை வந்து சேர்ந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இதற்கு எதிராகக் குரல் கொடுத்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலும் குடிக்கும் சாராயமும் பார்க்கவும் நுகரவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்து மில்லி லிட்டர் உள்ளே போனாலே கண் போகக்கூடும்.

நீ பயந்துவிடாதே. மால்ட்டை ஈஸ்ட்டில் புளிக்கவைக்கும் பீரில் இந்த ஆபத்து இல்லை. அதில் உண்டாகும் மெத்தனால் பொருட்படுத்தத் தக்கதல்ல. தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதுதான் ஆட்களைக் கொல்கிறது. உனக்கு நான் சொல்ல வருவது வேறு. முதலில் நீ வாங்க வேண்டியது பானையல்ல, வாளியல்ல. ஹைட்ரோமீட்டர். நீ எதைக் குடிக்கிறாய் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிராணி கையில் இருந்த மெட்ரோலாக்கும் இதுவும் ஒரே குடும்பம். கூடவே ஒரு நீளமான அளவுக்குழாய் வாங்கு. சர்க்கரைச் சத்துள்ள நீர் அடர்த்தியாக இருப்பதால் மிதவை மேலே நிற்கும்; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்க ஆக, மிதவை கீழே இறங்கும். ஐந்து லிட்டருக்கு 600 கிராம் உலர் மால்ட் சாறு போட்டால் தொடக்கத்தில் 1.044 அளவில் காட்டும். புளித்து முடிந்ததும் 1.010 என்று வைத்துக்கொள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.5 விழுக்காடு. கருவியில் எத்தனை டிகிரிக்கு என்று குறித்திருக்கும். பெரும்பாலும் 20 டிகிரி. சூடான நீரில் விட்டுப் பார்த்தால் தவறாகக் காட்டும், ஆறவிட்டுப் பார். இன்னொரு பயனும் உண்டு: இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்தும் எண் மாறவில்லை என்றால்தான் புளிப்பு முடிந்தது. முடியுமுன் புட்டியில் அடைத்தால் உள்ளே வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். கண்ணாடிப் புட்டி வெடிப்பது விளையாட்டல்ல.

அடுத்தது சூடு. கடையில் தருகிற பெட்டியில் ஆங்கிலேயர் வீட்டு நிலவறைக்குத் தோதான ஈஸ்ட்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். உன் ஊரிலும் என் ஊரிலும் இரவிலேயே அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். சூடு கூடினால் புளிப்பு வேகமாக நடக்கும், ஆனால் சுவையைக் கெடுக்கும் கனமான சாராய வகைகள் சேரும். ஈரத்துணி சுற்றிவைத்தால் போதும் என்று யாராவது சொல்லுவார்கள். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் மண்பானைக்கு அது சரி. இந்தக் காற்றில் ஈரப்பதம் அதிகம், துணியிலிருந்து தண்ணீர் ஆவியானால்தானே குளிரும்? பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்கு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டலாம். அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடம் வேண்டும்.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட். மர வளையங்களில் காயவைத்து அடுத்த முறைக்கு எடுத்துவைப்பார்களாம். அது 30 டிகிரியிலும், ஏன் 35ஐத் தாண்டியும், கெட்ட வாடை இல்லாமல் வேலை செய்யும். இப்போது பொட்டலமாகவே கிடைக்கிறது. பனி பெய்யும் ஊர்க்காரர்கள் காப்பாற்றிய ஈஸ்ட் நம் வெப்பத்துக்குப் பொருந்துவது எனக்கு இன்றும் வியப்பு. குளிர்பெட்டிக்குச் செலவிடுமுன் இதை ஒரு முறை போட்டுப் பார்.

சுத்தத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனாலும் சொல்கிறேன். தாத்தா பனையேறியவர். அரிவாள்பெட்டியும் கலயமும் சுண்ணாம்பும்தான் அவர் சாமான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். புளிக்கவைக்க அவர் எதுவும் சேர்க்கவில்லை; பாளையிலும் காற்றிலும் கலயத்திலும் இருந்த கிருமிகளே சில மணி நேரத்தில் அந்த வேலையைச் செய்தன. பீர் அப்படியல்ல. நீ தேர்ந்தெடுத்த ஈஸ்ட் மட்டும் அங்கே இருக்க வேண்டும். மற்றவை எதுவும் நுழையக் கூடாது. மால்ட் நீரைக் கொதிக்கவைத்து ஆறிய பிறகு அதைத் தொடுகிற ஒவ்வொன்றும் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். இதற்கென்று கழுவத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமிலக் கரைசல் விற்கிறார்கள். வெளுப்பு மருந்து போட்டால் நன்றாக அலச வேண்டும், அந்த வாடை பீரைக் கெடுக்கும்.

பானைக்குப் புதிதாகக் காசு போடாதே. சாம்பார் வைக்கிற பெரிய எவர்சில்வர் பாத்திரம் போதும், எட்டு லிட்டர் கொள்ளுகிறதாக இருந்தால். பித்தளை வேண்டாம். புளிக்கவைக்கும் பாத்திரம் உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் வாளியாக இருக்கலாம். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றிருந்தால் மட்டும் போதாது, உணவுக்கு உகந்தது என்றும் குறித்திருக்க வேண்டும். கம்பி நார் போட்டுத் தேய்க்காதே, கீறலுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். முடிந்தால் ஐந்து லிட்டருக்கு மேல் கொள்ளும் கண்ணாடிக் குடுவை வாங்கு. உள்ளே நடப்பதைப் பார்க்கலாம், நுரை எழுவதும் அடங்குவதும் தெரியும். மூடிக்கு வாயு வெளியேற்றும் காற்றுப்பூட்டு, இறக்குவதற்குக் குழாய், ஒரு வெப்பமானி. அவ்வளவுதான். கிறிஸ்மஸுக்கு அம்மா ஒயின் போடும் பரணியைக் கேட்காதே. அம்மா தரமாட்டாள், அதன் வாயும் அகலம், காற்றுப்பூட்டு மாட்ட முடியாது.

23 லிட்டர் பெட்டியைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவார். வாங்காதே. முதல் முறை ஏதாவது கெட்டால் ஐந்து லிட்டரைக் கொட்ட மனம் வரும். இருபத்து மூன்று லிட்டரைக் கொட்ட மனம் வராது, குடித்துத் தீர்க்கத்தான் தோன்றும். நீ தனியாக இருக்கிற வீட்டில் அவ்வளவு பீர் இருக்க வேண்டாம் என்பதும் என் எண்ணம். கோபித்துக்கொள்ளாதே, இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

முதல் முறை தானியத்தை அரைத்து ஊறவைக்கிற வேலையும் வேண்டாம். அதற்கு இன்னும் சில பாத்திரங்கள் தேவைப்படும். மால்ட் சாறே போதும். புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை, தராசில் நிறுத்துப் போடு, கரண்டிக் கணக்கு வேண்டாம். குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் புட்டிகளையே முதலில் பயன்படுத்து. விரலால் அழுத்திப் பார்த்தால் வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். புட்டிமேல் நாளையும் விழுக்காட்டையும் எழுதி ஒட்டு. அந்த எண்ணை எனக்கும் எழுதி அனுப்பு, மாமாவிடம் காட்ட வேண்டும்.

ஹைட்ரோமீட்டர் இரண்டாக வாங்கு. மெல்லிய கண்ணாடி, ஒன்று கட்டாயம் உடையும்.

அன்புடன்,
அக்கா