பொறுமை விளையும் எமீலியச் சமவெளி

இத்தாலி நாட்டிற்குத் திருயாத்திரை செல்லும் நம்மவரின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். உரோமையில் புனித பேதுரு பேராலயம், அசிசியில் புனித பிரான்சிஸ்குவின் கல்லறை, பதுவையில் கோடி அற்புதர் அந்தோனியாரின் திருத்தலம், மிலான் நகரின் பளிங்குப் பேராலயம் ஆகியவற்றைத் தரிசித்து, வாசலோரக் கடைகளில் செபமாலையும் சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகின்றனர். திருத்தலங்களைக் காணச் சென்றவர் அவற்றைக் கண்டு திரும்புவதில் குறையொன்றும் இல்லை. ஆயினும், அக்கோவில்களை எழுப்பிய மக்களின் வழித்தோன்றல்கள் இன்று எத்தொழில் செய்கின்றனர், திருநாளில் எதை உண்கின்றனர் என்பதை அறியாமல் வருவது, விருந்துக்குப் போய் வீட்டாரோடு ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வருவதற்கு ஒப்பாகும்.

அம்மக்களை அவர்கள் தொழில் செய்யும் இடத்திலேயே காண விரும்புவோர்க்கு எமீலியா நாட்டுப்புறத்தைப் பரிந்துரைக்கிறேன். மிலானிலிருந்து போலோஞாவுக்குச் செல்லும் இரயில் பாதையில் பார்மா, ரேஜ்ஜோ எமீலியா, மோதெனா என்னும் மூன்று நகரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கி.மு. 187-இல் உரோமைக் கொன்சுல் எமீலியுஸ் லெப்பிதுஸ் அமைத்த நெடுஞ்சாலை இன்றும் இந்நகரங்களை நூல் பிடித்தாற்போல் இணைக்கிறது. அவர் பெயரே அந்நிலப்பகுதிக்கும் பெயராயிற்று. வடக்கே போ ஆறு. தெற்கே அப்பெனைன் மலைத்தொடர். இடையே புல்வெளிகள், திராட்சைத் தோட்டங்கள், செங்கல் வீடுகள். குளிர்காலத்தில் அடர்ந்த மூடுபனி, கோடையில் தாங்கவொண்ணாப் புழுக்கம். படம் பிடிக்க வருவோர்க்கு இங்கு அதிகம் கிட்டாது. கைத்தொழிலை மதிப்பவர்க்கோ ஒரு நாள் போதாது.

இந்நாட்டின் முதற் செல்வம் பார்மிஜானோ ரேஜ்ஜானோ என்னும் பாலாடைக்கட்டி. இடைக்காலத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளும் சிஸ்தெர்சியன் துறவிகளும் சதுப்பு நிலங்களை வடித்துப் புல்வெளிகளாக்கி, பசுக்களை வளர்த்து, மிகுந்த பாலை நெடுநாள் கெடாமல் காக்க வழி தேடியபோது இது தோன்றியது. அன்றைய முறை இன்றளவும் பெரிதும் மாறவில்லை. பால், உப்பு, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் ஆகிய மூன்றேயன்றி வேறெதுவும் சேர்க்கலாகாது. (புலால் முற்றும் விலக்கியோர் இவ்வுறைபொருளைக் கருத்திற் கொள்க.)

மாலையில் கறந்த பால் இரவு முழுவதும் அகன்ற தொட்டிகளில் அசையாது நிற்கும். விடியலில் மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, காலைப் பாலோடு கலந்து, கவிழ்ந்த மணி போன்ற செம்புக் கொப்பரைகளில் ஊற்றுகின்றனர். அதனுடன் முந்தின நாள் மிஞ்சிய தெளிநீரில் ஒரு பங்கைச் சேர்க்கின்றனர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறையிடும் நம் தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை! உறைந்த பாலைக் கம்பிக் கூடு போன்ற கருவியால் நொய்யளவாக உடைத்து, 55 பாகை வரை சூடேற்றுகின்றனர். அடியில் திரண்ட கட்டியை இருவர் துணியில் ஏந்தித் தூக்கி, இரண்டாக அறுத்து, அச்சுகளில் இடுகின்றனர். நாற்பது கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் வேண்டும்.

பின்னர் ஏறக்குறைய மூன்று வாரம் உப்புநீர்க் குளியல். அதன்பின் வான் நோக்கி உயர்ந்த மரத்தட்டுகளில் நீண்ட உறக்கம். குறைந்தது பன்னிரண்டு மாதம் கழித்தே தேர்வாளர் வருவார். அவர் கையில் சிறு சுத்தியல் ஒன்று இருக்கும். வட்டைச் சுற்றிலும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே வெடிப்போ குழிவோ இருப்பின் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். தேறியவற்றிற்குச் சுடுமுத்திரை. தேறாதவற்றின் மேலுள்ள பெயரெழுத்துகள் சுரண்டி நீக்கப்படும். ஓராண்டு உழைப்பு வீணாயிற்றே என்று எவரும் இரக்கம் காட்டுவதில்லை. பெயருக்கு உரிய மதிப்பு அக்கண்டிப்பினால்தான் நிலைத்திருக்கிறது.

மோதெனாவில் பொறுமை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்குள்ள மரபுவழிப் பல்சாமிக் காடி, காய்ச்சிய திராட்சைச் சாற்றிலிருந்து ஆவது. வீட்டுப் பரணில் ஓக்கு, செசுநட்டு, முசுக்கட்டை, செர்ரி முதலிய பலவகை மரங்களால் செய்த பீப்பாய்களைப் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக அடுக்கியிருப்பர். கோடை வெப்பத்தில் சாறு சுண்டும், குளிர்காலத்தில் தெளியும். ஆண்டுக்கொருமுறை மிகச்சிறிய பீப்பாயிலிருந்து சிறிதளவு எடுத்து, அக்குறையை அடுத்ததிலிருந்தும், அதன் குறையை அதற்கடுத்ததிலிருந்தும் நிரப்புவர். பன்னிரண்டு ஆண்டு நிறையாததற்கு அப்பெயர் இல்லை; இருபத்தைந்து ஆண்டு கடந்ததற்குத் தனிப்பெயர் உண்டு. மகள் பிறந்ததும் அவளது சீர்வரிசைக்கென ஒரு பீப்பாய் வரிசையைத் தொடங்குவது அந்நாட்டுக் குடும்பங்களின் பழைய வழக்கம். இன்று ஊற்றுகிற தந்தை தமக்காக ஊற்றவில்லை என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

உணவிலும் காலமும் திருநாளும் பின்னிக் கிடக்கின்றன. சூன் 23 அன்று, புனித திருமுழுக்கு யோவான் திருநாளுக்கு முந்தின இரவில், பார்மா மக்கள் திறந்தவெளியில் மேசையிட்டு, கீரையும் ரிக்கோத்தாவும் அடைத்த தோர்த்தெல்லியை உண்டு, யோவானின் பனித்துளி இறங்கும்வரை காத்திருப்பர். அத்திருநாளை ஒட்டியே மோதெனாவில் பச்சை வால்நட்டுக் காய்களைப் பறித்து மதுவில் ஊறப்போடுவர். கிறிஸ்து பிறப்பு நாளில் சிறிய தோர்த்தெல்லீனிகளைக் குழம்புச்சாற்றில் இட்டு உண்பர். போலோஞாவிலோ, தாலியத்தெல்லே என்னும் நாடா வடிவப் பண்டத்தின் அகலம் வெந்தபின் 8 மில்லிமீட்டர் இருக்கவேண்டுமென, பொன்னால் செய்த மாதிரி ஒன்றை 1972-இல் வணிகக் கழகத்தில் ஒப்படைத்துள்ளனர். உலகெங்கும் போலோஞா பெயரால் விற்கப்படும் ஸ்பகெத்தியை அந்நகர வீடுகளில் தேடினால் கிடைக்காது. அவர்கள் இறைச்சிக் குழம்பை உண்பது இந்நாடாவோடுதான்.

இவ்வளவு பொறுமையாய்ச் சேர்த்ததை ஒரு நொடி சிதைத்த வரலாறும் உண்டு. 2012 மே 20 அன்றும் மே 29 அன்றும் எமீலியாவை நிலநடுக்கம் உலுக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரோவெரெத்தோ என்னும் சிற்றூரின் பங்குத்தந்தை இவான் மார்த்தினி, சேதமுற்ற கோவிலிலிருந்து தேவ அன்னையின் சுரூபத்தை மீட்கச் சென்றிருந்தபோது, மே 29 நடுக்கத்தில் இடிபாடு விழுந்து இறந்தார். கிடங்குகளில் மரத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து, மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட வட்டுகள் சேதமுற்றன. உழைப்பு முழுவதும் தரையில் கிடந்தது.

அப்போது மக்கள் செய்தது நினைவிற்குரியது. உடைந்த கட்டிகளை இத்தாலியர் ஊர்தோறும் வரிசையில் நின்று வாங்கினர். மோதெனாவின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் மாஸ்ஸிமோ பொத்தூரா, அக்கட்டியைக் கொண்டு எவரும் வீட்டில் ஆக்கக்கூடிய அரிசி உணவொன்றை வகுத்துப் பரப்பினார். அவரே 2015-இல் மிலானில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, மறைமாவட்டக் காரித்தாசோடு இணைந்து, பயனற்றுக் கிடந்த நாடகக் கொட்டகையொன்றை உணவுக்கூடமாக்கி, மிஞ்சிய பொருள்களால் ஏழைகளுக்கு விருந்து படைக்கச் செய்தார்.

ஆயினும் இத்தொழிலுக்கு உள்ள ஆபத்து நிலநடுக்கம் மட்டுமன்று. பசுவுக்கு ஞாயிறும் திருநாளும் தெரியா. விடியுமுன் கறந்தாக வேண்டும், அன்றே கொப்பரை ஏற்றியாக வேண்டும். இளைஞர் பலர் நகரத்து வேலையை நாடிவிட்டனர். முன்பு பலமடங்கு இருந்த பாலாடைக்கட்டிச் சாலைகள் இன்று ஏறத்தாழ 300 ஆகச் சுருங்கிவிட்டன. அவற்றிற்குப் பால் தரும் தொழுவங்கள் பலவற்றில் இன்று பசுக்களைப் பேணுபவர் நம் பாரத நாட்டுப் பஞ்சாபிச் சீக்கியரே. ரேஜ்ஜோ அருகே நொவெல்லாராவில் 2000-ஆம் ஆண்டில் அவர்களது பெரிய வழிபாட்டுக்கூடம் திறக்கப்பட்டது. துறவியர் தொடங்கிய தொழிலைத் தலைப்பாகை அணிந்தோர் தாங்கி நிற்கின்றனர்! ஒரு நாட்டின் தனிச்சிறப்பு என நாம் போற்றுவதில் அயல்நாட்டார் வியர்வையும் கலந்திருப்பதை மறத்தலாகாது.

மற்றோர் ஆபத்து போலிப் பெயர். ‘பார்மெசான்’ என்னும் பெயரும் மூலப்பொருளுக்கே உரியது என்று 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. ஐரோப்பாவுக்கு வெளியே அப்பெயர் இன்றும் எதற்கெல்லாமோ ஒட்டப்படுகிறது. எனவே செல்வோர்க்குச் சில சொற்கள். பாலாடைக்கட்டிச் சாலையைக் காண முன்னரே எழுதிக் கேட்டு, காலை எட்டு மணிக்குள் சென்று சேருங்கள். பத்து மணிக்கு மேல் கழுவிய கொப்பரைகளையே காண்பீர்கள். கட்டியின் புறத்தோலில் புள்ளியெழுத்தால் பெயரும், செய்த மாதமும், சாலையின் எண்ணும் பொறித்திருக்கும்; பார்த்து வாங்குங்கள். மரபுவழிக் காடி 100 மில்லிலிட்டர் கொள்ளும் தனி வடிவக் குப்பியில் மட்டுமே விற்கப்படும். மலிவான பெரிய குப்பியில் இருப்பது வேறு பொருள். விலை மிகுதியெனின் சிறிதளவு வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளைப் பாதி விலைக்குக் கேட்பது முறையன்று.

நாம் கொடுக்கும் காசு போலிக்குச் சென்றால் போலி வளரும். விடியலில் எழும் கைகளுக்குச் சென்றால் அவர் பிள்ளைகளும் அத்தொழிலில் நிலைத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். அடுத்த முறை மிலானிலிருந்து உரோமைக்கு இரயில் ஏறுவோர், பார்மாவில் ஒருநாள் இறங்குங்கள்.